வயிற்றுக்குள் இன்னும் காற்று: குடல் ஓட்டை அடைத்த பிறகு படம் என்ன சொல்கிறது?



கருத்தரங்கு தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது, காப்பாரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். அவருடைய கணவர் லோரி ஓட்டுநர். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், வயிற்றில் கத்தி பாய்ந்ததுபோல் வலி வந்து சுருண்டு விழுந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "வயிற்றுக்குள் காற்று இருக்கிறது, குடலில் ஓட்டை" என்று சொல்லி, விடிவதற்குள் அறுவைச் சிகிச்சையும் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் ஓர் எக்ஸ்ரே. அந்தப் படத்தைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "இன்னும் காற்று இருக்கிறது" என்று சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டர், மொதல்ல காத்து இருக்குன்னுதானே வயித்தக் கிழிச்சாங்க? அப்புறமும் காத்து இருக்குன்னாங்களே, அப்ப தச்சது பிரிஞ்சிருச்சா? கேக்கப் பயந்துக்கிட்டு நான் யாருகிட்டயும் கேக்கல" என்றார்.

ஏழாம் நாள் கணவர் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வயிற்றுப் புண்ணும் அதன் சிகிச்சையும். பொதுவாகப் பேசிவிட்டுப் போவதைவிட, அந்த அம்மாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டே பேசலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதே கேள்வியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு.

முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் வயிறு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், உப்பினாலும் கேஸ்ட்ரிக், நேரம் தவறிச் சாப்பிட்டதால் வலித்தாலும் கேஸ்ட்ரிக். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். இரைப்பையிலோ, அதை அடுத்து வரும் முன்சிறுகுடலிலோ உண்டாகும் உண்மையான புண் வேறு. அந்தப் புண் ஆழமாகிக்கொண்டே போய், ஒரு நாள் குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓட்டைதான். ஆனால் அதன் வழியாக இரைப்பையின் அமிலமும், பித்தநீரும், சாப்பிட்ட உணவும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. வலி வழக்கமான கேஸ்ட்ரிக் போல மெல்ல வருவதில்லை. எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று நோயாளியே சொல்லக்கூடிய அளவுக்குத் திடீரென்று வரும். வயிறு பலகைபோல் இறுகிவிடும்.

நாம் உணவோடும் எச்சிலோடும் சேர்த்துக் காற்றையும் விழுங்குகிறோம். ஆகவே இரைப்பையில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். ஓட்டை விழுந்ததும் அது வயிற்றறைக்குள் தப்பிவிடுகிறது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்தால் காற்று மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் தங்கும். எக்ஸ்ரே படத்தில் வலப்பக்கம் கல்லீரலுக்கு மேலே மூன்றாம்பிறை வடிவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இது தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தால் மிகச் சிறிய காற்றுக் குமிழிகூட அகப்படும். அந்த அம்மாவின் கணவருக்கு முதல் இரவில் பார்த்தது இந்தப் பிறையைத்தான்.

இனி அறுவை மேசைக்கு வருவோம். புண்ணால் வெந்துபோயிருக்கும் குடலின் விளிம்பு ஈரத்துணி போலிருக்கும். இழுத்துத் தைத்தால் நூலோடு பிய்ந்து வந்துவிடும். ஆகவே குடலுக்கு முன்னால் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரை ஒன்று இருக்கிறதே, ஓமெண்டம் என்பார்கள், அதன் ஒரு நுனியை இரத்த ஓட்டம் கெடாமல் இழுத்து வந்து ஓட்டையின் மேல் வைத்து, தையல்களால் கட்டிவிடுவார்கள். பிரிட்டனைச் சேர்ந்த செலன் ஜோன்ஸ் 1929இல் எழுதிவைத்த முறை இது. ஏறக்குறைய நூறு ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை. அம்மா ‘தச்சது’ என்றாரே, உண்மையில் தையல் என்பதைவிட ஒட்டு என்பதே பொருத்தம். டயரில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுகிறோம் அல்லவா, அதுபோல. ஒரு வேறுபாடு, இந்த ஒட்டுக்கு உயிர் இருக்கிறது. சில நாட்களில் அது குடலோடு ஒன்றிப்போகும். ஒட்டுப் போட்ட பிறகு வயிற்றறையை லிட்டர் கணக்கில் உப்பு நீர் ஊற்றிக் கழுவி, கொட்டிக்கிடந்த அழுக்கையெல்லாம் எடுத்துவிட்டு மூடுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றைத் திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அறுவை அறையின் காற்று உள்ளே போகாமல் இருக்குமா? தகர டின்னைத் திறந்து மறுபடி மூடினால் உள்ளே காற்றும் சேர்ந்துதானே அடைபடும்? மூன்றாம் நாள் படத்தில் தெரிந்த காற்று, பெரும்பாலும் அப்படி அடைபட்ட காற்றுதான். அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அந்தக் காற்றை உடல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றைத் திறந்து செய்த அறுவையென்றால் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் எக்ஸ்ரே படத்திலிருந்து மறைந்துவிடும். சிலருக்குப் பத்து நாள், அதற்கு மேலும்கூட ஆகலாம். ஒல்லியானவர்களுக்குக் காற்று கூடுதல் நாள் தங்குகிறது என்பது பலகாலமாகக் கண்ட அனுபவம். சி.டி. ஸ்கேன் கூர்மையான கண் உடையது. எக்ஸ்ரேயில் மறைந்த பிறகும் அதில் சில குமிழிகள் தெரிந்துகொண்டிருக்கும். சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவையில் கதை வேறு. அங்கே வயிற்றை உப்ப வைப்பதற்குக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அது சீக்கிரம் கரையும். பெரும்பாலோருக்கு மூன்று நாளில் காணாமல் போய்விடும். ஆகவே ‘காற்று இருக்கிறது’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எப்படிச் செய்த அறுவை, இன்று எத்தனையாவது நாள், முந்தைய படத்தில் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் சேர்த்தே மருத்துவர் பார்ப்பார். இரண்டாம் நாள் இருந்த பிறை ஐந்தாம் நாள் மெலிந்திருந்தால் நல்ல செய்தி. தடித்திருந்தால் அப்போது கவலைப்பட வேண்டும்.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் இரண்டு படங்களும் ஒரே மாதிரி எடுத்தவையாக இருக்க வேண்டும். இங்கேதான் குடும்பத்தாரின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது. காற்று மேலே ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். படம் எடுப்பதற்கு முன் நோயாளி ஐந்து பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அறுத்த வயிற்றோடு உட்காருவது வேதனைதான், மறுக்கவில்லை. ஆனால், "பாவம், அவரு படுத்தே இருக்கட்டும், படுக்க வெச்சே எடுங்க" என்று தாதியரிடம் சண்டை போடும் உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். படுத்த நிலையில் எடுத்த படத்தில் காற்று வயிறு முழுவதும் பரவிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் போய்விடலாம். உட்காரவே முடியாதவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து எடுக்கும் முறையும் உண்டு. எக்ஸ்ரே பிரிவினர் சொல்வதைக் கேளுங்கள்.

சரி, ஒட்டு உண்மையிலேயே கசிந்தால் எப்படித் தெரியும்?

கசிவு ஒரு சிலருக்கே ஏற்படும். ஆனால் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஓட்டை விழுந்து பல மணி நேரம் கழித்து வந்தவர்கள், வயதானவர்கள், சத்துக் குறைந்தவர்கள், ஓட்டை பெரிதாக இருந்தவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். இதை முதலில் காட்டிக்கொடுப்பது படமல்ல, நோயாளியின் உடல். குறைந்துகொண்டு வந்த வலி மீண்டும் ஏறும். நாடித் துடிப்பு வேகமாகும். மூச்சு இரைக்கும். காய்ச்சல் வரும். வயிற்றிலிருந்து வெளியே விட்டிருக்கும் ரப்பர் குழாயில் பச்சையாகவோ மஞ்சளாகவோ பித்தநீர் வரும். தாதி மணிக்கொரு முறை வந்து நாடியையும் சூட்டையும் எழுதிவிட்டுப் போகிறாரே, அந்தத் தாளைத்தான் நாங்கள் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்போம். படம் பிறகுதான்.

கசிவு இல்லாமலும் ஒரு தொல்லை வரலாம். கழுவியும் போகாத அழுக்கு ஏதாவது ஒரு மூலையில் தங்கிச் சீழ்க்கட்டியாகிவிடும். வயிற்றறையில் நீர் தேங்குவதற்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன. உதரவிதானத்தின் அடி, கல்லீரலின் அடி, இடுப்புக் குழி. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, இரண்டாவது வாரத்தில்தான் பெரும்பாலும் இது தலைகாட்டும். அதனால்தான் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பன்னிரண்டாம் நாள் என்னிடம் வந்தார். அவருக்கு மூன்று நாளாக விடாத விக்கல். வீட்டில் சர்க்கரை கொடுத்திருக்கிறார்கள், மூச்சை அடக்கச் சொல்லியிருக்கிறார்கள், திடீரென்று முதுகில் தட்டிப் பயமுறுத்தியும் பார்த்திருக்கிறார்கள். ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று பாட்டி சொல்லிவிட்டார். மாலை வேளைகளில் லேசான காய்ச்சல். அதற்கு மாத்திரை போட்டதும் அடங்கிவிடும். வலது தோள்பட்டையில் வலி. லோரியில் சாமான் இறக்கியதால் வந்ததென்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வலப்பக்க உதரவிதானம் மேலே தள்ளப்பட்டிருக்கிறது, நுரையீரலின் அடியில் நீர் கோத்திருக்கிறது. நெஞ்சுச் சளி என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடிய படம் அது. சி.டி. ஸ்கேன் எடுத்ததில், உதரவிதானத்துக்கு அடியில் ஒரு கிண்ணம் அளவுக்குச் சீழ். விக்கல், தோள் வலி, நுரையீரல் நீர் மூன்றுக்கும் ஒரே காரணம். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அதைச் சீண்டினால் விக்கல் வரும், தோள் வலிக்கும். மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாய் ஒன்றைத் தோல் வழியாகச் செலுத்திச் சீழை வடித்தோம். பத்து நாளில் எழுந்துவிட்டார்.

இடுப்புக் குழியில் சீழ் சேர்ந்தால் அறிகுறி வேறு மாதிரி. அடிக்கடி வயிற்றுப்போக்கு, சளி சளியாகப் போவது, சிறுநீர் அடிக்கடி வருவது. கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அறுவை செய்து மூன்று வாரத்துக்குள் இப்படி எது வந்தாலும், கைவைத்தியம் பார்க்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்பிப் போங்கள்.

இப்போது சி.டி. ஸ்கேன் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடும்போது நோயாளிக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள், அல்லது மூக்குக் குழாய் வழியாக ஊற்றுவார்கள். காஸ்ட்ரோகிராஃபின் போன்ற, நீரில் கரையும் அயோடின் மருந்து அது. சோம்பு வாசனையோடு கசக்கும். குடித்த மருந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். குடலுக்குள்ளேயே ஓடினால் ஒட்டு தாங்குகிறது என்று பொருள். குடலுக்கு வெளியே வெள்ளை தெரிந்தால் கசிவு. கையில் ஊசி வழியாகவும் ஒரு மருந்து செலுத்துவார்கள். சீழ்க்கட்டி இருந்தால் அதன் சுவர் மோதிரம் போலப் பளிச்சென்று எடுத்துக்காட்டும்.

பழைய ஆட்கள் பேரியம் குடித்த அனுபவத்தைச் சொல்வார்கள். சுண்ணாம்புக் கரைசல் போலிருக்கும் அது, மற்ற வேளைகளில் நல்ல மருந்துதான். ஆனால் கசிவு இருக்குமோ என்று சந்தேகம் இருக்கும்போது அதைக் கொடுப்பதில்லை. வயிற்றறைக்குள் கசிந்தால் கரையாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு கடுமையான அழற்சியை உண்டாக்கும். நீரில் கரையும் மருந்தை உடல் உறிஞ்சிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. காஸ்ட்ரோகிராஃபின் புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. விழுங்கச் சிரமப்படும் முதியவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு வகை மருந்து இருக்கிறது. குடித்த பிறகு இரண்டு மூன்று தடவை வயிற்றால் போவது இயல்பு.

"எனக்கு இறால் சாப்பிட்டா அரிக்கும், அயோடின் மருந்து ஒத்துக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். இறால் ஒவ்வாமைக்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பு ஸ்கேன் எடுத்தபோது இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதைச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரு சி.டி. எடுத்துவிட்டால் நிம்மதிதானே என்று கேட்கலாம். வசதியுள்ள குடும்பங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கின்றன. முன்பு பல இடங்களில் ஐந்தாம் நாள் மருந்து குடிக்க வைத்துப் படம் எடுத்து, கசிவில்லை என்று உறுதி செய்த பிறகே கஞ்சி கொடுப்பார்கள். நன்றாகத் தேறிவரும் நோயாளிக்கு அது தேவையில்லை என்பதே இன்றைய நடைமுறை. நாடியும் சூடும் சரியாக இருந்து, வயிறு இளகி, காற்றுப் பிரிந்தால் முன்பைவிடச் சீக்கிரமே நீராகாரம் தொடங்குகிறோம். காரணமில்லாமல் எடுக்கும் படம் சில வேளைகளில் குழப்பத்தையே தருகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் சி.டி. எடுத்தால் காற்றும் தெரியும், கழுவிய நீரின் மிச்சமும் தெரியும். அது சீழா வெறும் நீரா என்று சொல்வது கடினம். சீழ்க்கட்டிக்குச் சுவர் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கிறது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் உடலில் படும் கதிர்வீச்சு, இயற்கையாக நமக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் அளவு. தேவைப்படும்போது அதைப் பொருட்படுத்தக்கூடாது. நாடி ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் ‘கதிர்வீச்சு’ என்று தயங்கி ஒரு நாளைக்கூட வீணாக்கக்கூடாது. ஆனால் வீட்டாரின் மனநிம்மதிக்காக எடுக்க வேண்டிய படமல்ல அது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையில் வைத்த கொழுப்பு ஒட்டு, பிற்பாடு எடுக்கும் சி.டி. படத்தில் குடலோரத்தில் ஒரு சிறு திரட்சி போலத் தெரியலாம். அறுவை நடந்ததே தெரியாத மருத்துவர் பார்த்தால், ‘இது என்ன கட்டி?’ என்று சந்தேகப்பட வாய்ப்பு உண்டு. நம் ஆட்கள் அரசாங்க மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு, அடுத்த வலிக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போவார்கள். கையில் ஒரு தாளும் இருக்காது. என்ன அறுவை என்று கேட்டால், "வயித்துல ஆப்ரேஷன்" என்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சுருக்கக் குறிப்பைப் பிறப்புப் பத்திரம் போலப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டை இரைப்பையிலா, முன்சிறுகுடலிலா, ஒட்டுப் போட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இத்தனை கருவிகளும் நேற்று வந்தவை. முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971இல், லண்டனில். அதற்கு முன் வயிற்றுப் புண்ணோடு வாழ்ந்த தமிழர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு நெய்யூர் நினைவுக்கு வரும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அந்தக் காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையேற்றம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அந்தப் பகுதியில் முன்சிறுகுடற்புண் அவ்வளவு அதிகம். அதற்காக அவர் ஏராளமானோருக்கு அறுவை செய்தார். 1936இல் ஓர் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து அந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சைச் சஞ்சிகையில் எழுதினார். பிறகு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். அறுவைக்குப் பிந்திய நாட்களில் அவருக்குப் பெரும் துணை கைவிரல்களும், நாடித் துடிப்பும், காய்ச்சல் தாளும். இன்று நாங்கள் வார்டில் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான் என்று சொன்னேன் அல்லவா?

சோமர்வெல் காலத்தவர்கள் புண்ணுக்குக் காரணத்தை உணவில் தேடினார்கள். மரவள்ளி, அரிசி, மிளகாய் என்று பல பேச்சு. உண்மையான குற்றவாளி வெகுகாலம் அகப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் அதைப் பிடித்தார்கள்: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோ கியான் லீயும் அவருடைய குழுவினரும் 1990களிலிருந்து செய்துவந்த ஆய்வுகளில், இந்த நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இக்கிருமி அதிகம் காணப்படுவது இந்தியர்களிடம், மிகக் குறைவாகக் காணப்படுவது மலாய்க்காரர்களிடம் என்று தெரியவந்தது.

ஓட்டையை அடைத்தது மட்டும் போதாது என்று சொல்வதற்காகவே இதை எடுத்தேன். ஹாங்காங்கில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, 2000இல் வெளியானது. முன்சிறுகுடல் ஓட்டையை அடைத்தவர்களில், கிருமி இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், கிருமியை ஒழித்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கே புண் திரும்பியிருந்தது. மற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கு!

இரண்டாவது குற்றவாளி வலி மாத்திரை. டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட் போன்றவை மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் சுலபமாகக் கிடைக்கின்றன. புண் உள்ளவர்களுக்கு அவை எமன். கடையில் விற்கும் சில மாஜுன், ஜாமு வகைகளில் யாருக்கும் தெரியாமல் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் மூடி மறைத்துவிடும். உள்ளே கசிந்தாலும் வெளியே தெரியாது. அறுவைக் காயம் வலித்தால் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை மட்டும் போடுங்கள்.

இனி அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். காற்று விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் கைப்பையிலிருந்து ஒரு சந்திப்பு அட்டையை எடுத்தார். கணவருக்கு ஸ்கோப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "வலியே இல்ல, எதுக்கு வாய்க்குள்ள கொழாய விடணும்? எக்ஸ்ரேதான் நல்லா இருக்குன்னுட்டாங்களேன்னு போகமாட்டேங்கிறாரு டாக்டர்."

குறிப்பை வாங்கிப் பார்த்தேன். அவருக்கு ஓட்டை விழுந்தது இரைப்பையில். முன்சிறுகுடற்புண் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பைப் புண் அப்படியல்ல. வெளிப்பார்வைக்குச் சாதாரணப் புண் போலவே தோன்றும் புற்றும் உண்டு. எக்ஸ்ரேயோ சி.டி.யோ அதைத் தெளிவாகச் சொல்லாது. அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே பார்த்து, புண் ஆறியிருக்கிறதா என்று கவனித்து, துளி சதையை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். கிருமி போய்விட்டதா என்பதற்குத் தனிச் சோதனை. ஒரு மருந்தைக் குடித்துவிட்டுப் பையில் ஊதினால் போதும். கிருமி மருந்து முடிந்து நான்கு வாரமும், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அமில மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த வாரம் தைப்பூசம் வருது டாக்டர். விரதம் இருக்காரு. தேதியத் தள்ளிப் போடலாமா?" என்றார்.

ஒரு வாரம் தள்ளலாம் அம்மா. இன்றைக்கே அட்டையிலிருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் புதுத் தேதி வாங்கிவிடுங்கள். காவடி இந்த ஆண்டு வேண்டாம். அறுத்த இடம் பாரம் தாங்காது. பத்துமலைக்குப் போய்ப் பால்குடத்தைப் பிள்ளைகள் யாராவது சுமக்கட்டும், அவர் கூட நடந்து வரட்டும்.